மூச்சுக்கு இயந்திரம் உண்டு, கால்களுக்கு?

மருத்துவமனையின் நீண்ட நடைவழி ஒன்றை மனக்கண்ணால் பாருங்கள். நோயாளி ஒருவர் மெல்ல மெல்ல நடந்து வருகிறார். அவர் வாயிலிருந்து புறப்படும் குழாய், பக்கத்தில் உருட்டி வரப்படும் செயற்கைச் சுவாசக் கருவியில் போய் முடிகிறது. ஒருவர் அந்தக் குழாயை விட்டுக் கண்ணை எடுக்காமல் வருகிறார். இன்னொருவர் நோயாளியின் இடுப்பை அணைத்துப் பிடித்திருக்கிறார். மூன்றாமவர் பின்னாலேயே ஒரு நாற்காலியைத் தள்ளி வருகிறார். பத்து அடி நடந்ததும் நோயாளி அதில் உட்கார்ந்து இளைப்பாறுகிறார்.

"தானாக மூச்சுவிடவே முடியாத ஒருவரை நடக்க வைப்பதா? இது என்ன கொடுமை!" என்று உங்களுக்குத் தோன்றலாம். அப்படித் தோன்றினால் வியப்பில்லை. மருத்துவ உலகத்துக்கே நெடுங்காலம் அப்படித்தான் தோன்றியது. இப்படிப்பட்டவர் அசையாமல் படுத்திருக்க வேண்டும், தூங்கினால் இன்னும் நல்லது என்பதே பொது விதியாக இருந்தது. அந்த விதி எப்படி வந்தது? எப்படித் தளர்ந்தது? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடினால், மருத்துவ வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஓர் அத்தியாயம் நம் முன் விரிகிறது.

இரும்புப் பெட்டிக்குள் உடல்

மூச்சு எப்படி நடக்கிறது என்பதை முதலில் சற்று நினைவுபடுத்திக் கொள்வோம். நெஞ்சறைக்கும் வயிற்றறைக்கும் நடுவே உதரவிதானம் என்ற தசைத் தகடு ஒன்று இருக்கிறது. அது சுருங்கிக் கீழே இறங்கும்போது நெஞ்சறை விரிகிறது. உள்ளே அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று நுரையீரலுக்குள் பாய்கிறது. நுரையீரல் தானாக விரிவதில்லை. அதை விரிய வைப்பவை தசைகளே. ஆகவே தசைகள் செயலற்றுப் போனால், நுரையீரல் எவ்வளவு நலமாக இருந்தாலும் மூச்சு நின்றுவிடும்.

இளம்பிள்ளை வாதம் செய்த கொடுமை இதுதான். அந்த நோயின் வைரஸ் தசைகளை இயக்கும் நரம்புச் செல்களை அழித்தது. கால்களை இயக்கும் நரம்புகள் அழிந்தால் குழந்தை நடக்க முடியாது. மூச்சுத் தசைகளின் நரம்புகள் அழிந்தால் உயிரே போய்விடும்.

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிலிப் டிரிங்கர், லூயி அகாசி ஷா என்ற இருவர் 1928-ல் இதற்கு ஒரு வழி கண்டார்கள். நோயாளியின் தலை மட்டும் வெளியே இருக்க, உடல் முழுவதையும் ஓர் உலோகப் பெட்டிக்குள் வைத்துக் காற்றுப் புகாமல் மூடினார்கள். பெட்டிக்குள் அழுத்தத்தைக் குறைத்தால் நெஞ்சு விரியும். மூக்கின் வழியே காற்று உள்ளே போகும். அழுத்தத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தால் நெஞ்சு தாழும், காற்று வெளியேறும். 1928 அக்டோபரில் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியிடம் அது முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டது. மக்கள் அதற்கு 'இரும்பு நுரையீரல்' என்று பெயரிட்டார்கள்.

அந்தப் பெட்டி பல உயிர்களைக் காத்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் உடல் பெட்டிக்குள் மறைந்து போயிற்று. கையைக் காலை நீட்டி மடக்கவும், முதுகைத் திருப்பவும், நெஞ்சைத் தட்டிச் சளியை வெளியேற்றவும் பெட்டியின் பக்கவாட்டுத் துளைகள் வழியாகக் கையை நுழைத்துத்தான் முயல வேண்டியிருந்தது. மூச்சைக் கொடுத்த கருவியே உடலை மற்றவர் தொடுவதற்கு அரிதாக்கிவிட்டது.

அந்நிலையிலும் நோயாளிகள் சும்மா இருந்துவிடவில்லை. வாயால் காற்றைக் கவ்வி, நாக்கால் தொண்டைக்குள் தள்ளி, சிறிது சிறிதாக நுரையீரலை நிரப்பும் ஒரு முறை உண்டு. தவளை மூச்சு விடுவதைப் போலிருப்பதால் அதற்குத் 'தவளை மூச்சு' என்று பெயர். கலிபோர்னியாவைச் சேர்ந்த கிளாரன்ஸ் டெய்ல் என்ற மருத்துவர் 1951-ல் இதைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். இதைக் கற்றுக்கொண்டவர்களால் கருவியை விட்டுச் சிறிது நேரமேனும் விலகி இருக்க முடிந்தது. கருவியின் துணையில் வாழ்பவருக்கும் பயிற்சியால் பயன் உண்டு என்பதற்கு இது ஒரு தொடக்க காலச் சான்று எனலாம்.

கோபன்ஹேகனின் கைகள்

1952-ம் ஆண்டுக் கோடைக்காலம். டென்மார்க் நாட்டின் தலைநகரான கோபன்ஹேகனை இளம்பிள்ளை வாதம் கொள்ளை நோயாகத் தாக்கியது. நகரின் தொற்றுநோய் மருத்துவமனையான பிளெக்டாமில் நோயாளிகள் வந்து குவிந்தார்கள். அங்கே இருந்தவை ஓர் இரும்பு நுரையீரலும், நெஞ்சை மட்டும் மூடும் ஆறு சிறு கருவிகளுமே. இவற்றின் துணையோடு சிகிச்சை பெற்ற முதல் 31 பேரில் 27 பேர் இறந்து போனார்கள்.

தலைமை மருத்துவர் லாஸன், மயக்க மருந்து நிபுணரான பியோர்ன் இப்ஸனை ஆலோசனைக்கு அழைத்தார். நோயாளிகளின் இரத்தத்தில் காணப்பட்ட மாறுதல் அதுவரை வேறு விதமாகப் பொருள் கொள்ளப்பட்டிருந்தது. உடலில் கரியமில வாயு வெளியேறாமல் தங்குவதே அதற்குக் காரணம் என்று இப்ஸன் சொன்னார். நோயாளிகளுக்கு மூச்சு போதவில்லை, அவ்வளவுதான்! அறுவை சிகிச்சைக் கூடத்தில் தாம் அன்றாடம் செய்வதையே இங்கும் செய்யலாம் என்பது அவர் யோசனை. கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழலுக்குள் ஒரு குழாயைச் செலுத்துவது. அதனுடன் ரப்பர்ப் பை ஒன்றை இணைப்பது. பையைக் கையால் அமுக்கிக் காற்றை உள்ளே செலுத்துவது.

ஆகஸ்ட் 27-ம் நாள், சாகும் தறுவாயில் இருந்த 12 வயதுச் சிறுமி ஒருத்திக்கு இப்ஸன் இதைச் செய்து காட்டினார். சிறுமி பிழைத்தாள்.

ஆனால் பையை அமுக்குவது யார்? மருத்துவ மாணவர்கள் அழைக்கப்பட்டார்கள். ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறை வைத்து, இரவு பகலாக, நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்து கையால் பையை அமுக்கினார்கள். அவர்கள் உழைத்த நேரம் மொத்தம் 1,65,000 மணி என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சில நாட்களில் ஒரே சமயத்தில் 70 பேர் வரை இவ்வாறு கையால் மூச்சு ஊட்டப்பட்டார்கள். 100-க்கு 87 என்றிருந்த இறப்பு, சில மாதங்களில் 40 அளவுக்கு இறங்கியது.

இந்த நிகழ்ச்சியிலிருந்துதான் இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவு பிறந்தது என்று மருத்துவ வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். இப்ஸனே 1953-ல் கோபன்ஹேகன் நகராட்சி மருத்துவமனையில் அத்தகைய பிரிவு ஒன்றைத் தொடங்கினார். நம் கதைக்கு முக்கியமான செய்தி வேறொன்று. உடல் பெட்டியை விட்டு வெளியே வந்துவிட்டது! இனி மூச்சுக்குத் தேவை ஒரு குழாய் மட்டுமே. கைகளும் கால்களும் முதுகும் நெஞ்சும் யாரும் தொட்டுச் சிகிச்சை செய்யக்கூடிய இடத்தில் இருந்தன.

நெஞ்சைக் காத்த நிபுணர்கள்

பிசியோதெரபி எனப்படும் இயன்முறை மருத்துவம் நுரையீரலைக் கவனிக்கத் தொடங்கியது அதற்கும் முன்பே. நெஞ்சில் தேங்கிய சளியை, நோயாளியைச் சாய்த்துப் படுக்க வைத்து வடியச் செய்யலாம் என்று 1901-ல் லண்டனில் வில்லியம் எவர்ட் எழுதியிருந்தார். முதல் உலகப் போரில் நெஞ்சில் காயமுற்ற வீரர்களுக்கு மூச்சுப் பயிற்சி அளித்ததை 1915-ல் மக்மேகன் என்பவர் விவரித்தார். 1934-ல் லண்டன் பிராம்ப்டன் மருத்துவமனையில் வினிபிரெட் லிண்டன் என்ற பெண்மணி, நெஞ்சு அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் மூச்சுப் பயிற்சி கற்றுக் கொடுக்கத் தொடங்கினார்.

சுவாசக் கருவிகள் பெருகியபோது இந்த அறிவு பெரிதும் தேவைப்பட்டது. ஏன் என்று பாருங்கள். நாம் இருமும்போது முதலில் குரல்வளை மூடிக்கொள்கிறது; உள்ளே அழுத்தம் ஏறுகிறது; பிறகு திடீரென்று திறக்கும்போது காற்று சளியை அடித்துக்கொண்டு வெளியேறுகிறது. மூச்சுக்குழலுக்குள் குழாய் கிடந்தால் குரல்வளை மூட முடியாது. வலுவான இருமல் வராது. சளி அடியில் தங்குகிறது. காற்று போகும் வழி அடைபடுகிறது. அங்கே கிருமிகள் குடியேறுகின்றன. எனவே நோயாளியை அடிக்கடி புரட்டிப் படுக்க வைப்பது, விலாவைத் தட்டியும் அதிரச் செய்தும் சளியை நகர்த்துவது, அதைக் குழாய் வழியே உறிஞ்சி எடுப்பது ஆகியவை இயன்முறை மருத்துவரின் பணிகளாயின.

இவ்வாறு நெஞ்சுக்கு ஒரு காவலர் கிடைத்தார். கால்களைக் கவனிக்கத்தான் ஆள் அதிகம் இல்லை!

உறக்கம் என்ற மருந்து

தொடக்க காலத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நோயாளிகள் பலர் விழித்தே இருந்தார்கள் என்பது நமக்கு வியப்பூட்டும் செய்தி. கருவி பொருத்தப்பட்ட நோயாளிகளை நடக்க வைப்பது பற்றி 1972-லும் 1975-லும் அமெரிக்க இதழ்களில் சிறு குறிப்புகள் வெளிவந்தன. ஆக, இந்த எண்ணம் நேற்றுப் பிறந்ததன்று.

பிறகு என்ன ஆயிற்று? கருவிகள் நுட்பமாயின. நோயாளியின் சொந்த மூச்சும் கருவியின் மூச்சும் மோதிக்கொள்ளாமல் இருக்கத் தூக்க மருந்து கொடுத்தார்கள். குழாயின் வேதனை தெரியாதிருக்கவும் கொடுத்தார்கள். நோயாளி குழாயைப் பிடுங்கிவிடுவாரோ என்ற அச்சமும் சேர்ந்தது. சில இடங்களில் தசைகளையே செயலிழக்கச் செய்யும் மருந்தும் சேர்க்கப்பட்டது. இரக்கத்தால் தொடங்கிய பழக்கம் நாளடைவில் வழக்கமாக இறுகிவிட்டது.

அமெரிக்காவின் டென்வர் நகரில் இத்துறையின் முன்னோடியாக விளங்கிய தாமஸ் பெட்டி 1998-ல் ஒரு தலையங்கத்தில் இதைப் பற்றி வருந்தி எழுதினார். முன்பு விழித்து, உட்கார்ந்து, மற்றவர்களோடு தொடர்பு கொண்டிருந்த நோயாளிகள் இருந்த இடத்தில், இன்று அசைவற்றுக் கிடப்பவர்களையே காண்கிறோம் என்பது அவர் கருத்து.

படுக்கை என்னும் எதிரி

இங்கே ஓர் ஐயம் எழலாம். "ஓய்வு நல்லதுதானே? நோயுற்றவர் படுத்திருப்பதில் என்ன தீங்கு?"

இந்த ஐயத்துக்கான விடை ஓரளவு முன்பே கிடைத்திருந்தது. 1944-ல் அமெரிக்க மருத்துவர் வில்லியம் டாக், முழுப் படுக்கை ஓய்வின் தீய விளைவுகள் பற்றி எழுதினார். 1947-ல் இங்கிலாந்தின் ரிச்சர்டு ஆஷர், படுக்கைக்குப் போவதில் உள்ள அபாயங்கள் என்ற கருத்தில் ஒரு கட்டுரை எழுதினார். இரத்தக் கட்டி, படுக்கைப் புண், எலும்பில் சுண்ணாம்புச் சத்துக் குறைவு, மலச்சிக்கல், மனச்சோர்வு என்று உறுப்பு உறுப்பாக அவர் பட்டியலிட்டார்.

1966-ல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் ஒரு சோதனை நடந்தது. இருபது வயதுள்ள, நோய் நொடியற்ற ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். கடும் உழைப்பின்போது அவர்கள் உடல் பயன்படுத்தக்கூடிய பிராணவாயுவின் அளவு, கால் பங்குக்கு மேல் குறைந்து போயிற்று. முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரை மறுபடி சோதித்தார்கள். அப்போது தெரிந்த உண்மை திகைக்க வைத்தது. முப்பது ஆண்டு முதுமை அவர்கள் ஆற்றலைக் குறைத்ததைக் காட்டிலும், இளமையில் மூன்று வாரப் படுக்கை அதிகமாகக் குறைத்திருந்தது!

நலமான இளைஞர்களுக்கே இந்தக் கதி என்றால், காய்ச்சலும் கிருமியும் வாட்ட, உணவு குறைந்து, மருந்தின் மயக்கத்தில் கிடப்பவரின் நிலை என்ன?

தசை கரையும் கணக்கு

லண்டனில் தீவிர சிகிச்சை பெற்ற 63 பேரின் தொடைத் தசையை நுண்ணொலிக் கருவியால் அளந்தார்கள். பத்தே நாட்களில் அத்தசையின் குறுக்குப் பரப்பு சராசரியாக 17.7 விழுக்காடு குறைந்திருந்தது. இந்த ஆய்வு வெளிவந்தது 2013-ல்.

கால் தசை மட்டுமா? மூச்சுத் தசையும் அப்படித்தான். 2008-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், மூளைச் சாவு அடைந்து உறுப்புத் தானம் செய்த 14 பேரின் உதரவிதானம் ஆராயப்பட்டது. சுவாசக் கருவி முழு வேலையையும் செய்ததால் 18 மணி முதல் 69 மணி நேரம் வரை அவர்களின் உதரவிதானத்துக்கு வேலையே இல்லை. அவ்வளவு குறுகிய காலத்தில் அத்தசையின் இழைகள் ஏறத்தாழப் பாதியாக மெலிந்து போயிருந்தன. எந்தத் தசை மீண்டும் வலுவடைந்தால் கருவியைக் கழற்றலாமோ, அந்தத் தசையையே கருவி மெலிய வைக்கிறது!

உயிர் பிழைத்தவர்களின் பிற்கால வாழ்க்கையைக் கனடாவின் டொராண்டோ நகரில் மார்கரெட் ஹெரிட்ஜ் என்ற மருத்துவர் தொடர்ந்து கவனித்தார். கடுமையான நுரையீரல் பாதிப்பிலிருந்து மீண்ட 109 பேர் பற்றிய அவரது ஆய்வு 2003-ல் வெளிவந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவை விட்டு வரும்போது அவர்கள் உடல் எடையில் 18 விழுக்காட்டை இழந்திருந்தார்கள். ஓராண்டுக்குப் பின் நுரையீரல் பெரும்பாலும் தேறிவிட்டது. ஆனால் பாதிப் பேரால் வேலைக்குத் திரும்ப முடியவில்லை. தடையாக நின்றது மூச்சைவிடத் தசையின் வலுவின்மையே.

கோபன்ஹேகனில் எழுந்த கேள்வி, "பிழைப்பாரா?" என்பது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, "பிழைத்து எழுந்து நிற்பாரா?" என்ற கேள்வி அதனுடன் சேர்ந்துகொண்டது.

எழுப்பினார்கள், நடத்தினார்கள்

முதல் படி, தூக்கத்தைக் கலைப்பது. சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் கிரெஸ் குழுவினர் 128 நோயாளிகளிடம் செய்த ஆய்வை 2000-ம் ஆண்டில் வெளியிட்டார்கள். ஒரு பகுதியினருக்கு நாள்தோறும் ஒரு முறை தூக்க மருந்தை நிறுத்தி, விழிக்கிறாரா என்று பார்த்தார்கள். மற்றவர்களுக்கு வழக்கம் போல மருந்து தொடர்ந்தது. நாள்தோறும் எழுப்பப்பட்டவர்கள் கருவியின் துணையில் இருந்த காலத்தின் இடைநிலை அளவு 4.9 நாள், மற்றவர்களுக்கு 7.3 நாள்.

விழித்தவரை ஏன் சும்மா படுக்க வைக்க வேண்டும்? இது இரண்டாம் படி. அமெரிக்காவின் சால்ட் லேக் நகரில் பாலி பெய்லி என்ற செவிலியர் தலைமையில் நடந்த ஆய்வு 2007-ல் வெளியாயிற்று. மூச்சுத் திணறலுக்காகச் சிகிச்சை பெற்ற 103 பேர், மொத்தம் 1,449 முறை உட்கார வைக்கப்பட்டார்கள் அல்லது நடக்க வைக்கப்பட்டார்கள். அவற்றில் 762 முறை நடை! வாயில் குழாயுடன் நடந்தவர்களும் அவர்களுள் உண்டு. தீய நிகழ்ச்சிகள் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு.

"செய்ய முடியும் என்பது சரி, பயன் உண்டா?" என்று கேட்பீர்கள். வில்லியம் ஷ்வைக்கெர்ட் குழுவினர் 104 நோயாளிகளை இரு பகுதியாகப் பிரித்துச் செய்த ஆய்வு 2009-ல் வந்தது. இரு பகுதியினரையும் நாள்தோறும் எழுப்பினார்கள். ஒரு பகுதியினருக்கு மட்டும் தொடக்க நாட்களிலேயே உடற்பயிற்சியும், பல் துலக்குதல், தலை சீவுதல் போன்ற அன்றாடச் செயல்களில் பயிற்சியும் அளித்தார்கள். மருத்துவமனையை விட்டுப் போகும்போது பிறர் உதவியின்றித் தம் காரியங்களைத் தாமே செய்துகொள்ளக்கூடியவர்களாக இருந்தவர்கள், பயிற்சி பெற்றவர்களில் 100-க்கு 59 பேர். மற்றவர்களில் 35 பேர். மனக்குழப்பத்துக்கு ஆளாகியிருந்த நாட்களும் நான்கிலிருந்து இரண்டாகக் குறைந்தன.

எப்படிச் செய்கிறார்கள்?

"எழுந்திரு, நட" என்று சொல்லிவிட்டால் போதுமா? போதாது. இது ஒரு படிக்கட்டு. ஒவ்வொரு படியிலும் நின்று பார்த்தே அடுத்த படிக்கு ஏற வேண்டும்.

நோயாளி மயக்கத்தில் இருந்தால், இயன்முறை மருத்துவரே அவருடைய மூட்டுகளை நீட்டி மடக்குகிறார். மூட்டு இறுகிப் போகாமல் இருக்க இது உதவும். நோயாளி விழித்து, சொல்வதைப் புரிந்துகொண்டால், அவராகவே கை கால்களை அசைக்கிறார். அடுத்து, படுக்கையின் தலைப்பக்கத்தை உயர்த்திச் சாய்ந்து உட்காருதல். அதன் பின் காலைத் தொங்கவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்காருதல், எழுந்து நிற்றல், நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றித் தூக்குதல், நாற்காலிக்கு மாறுதல், கடைசியில் நடை.

தசையின் வலுவை எப்படி அறிவது? தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் என ஆறு இடங்களை இரு பக்கமும் சோதித்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண் கொடுக்கிறார்கள். மொத்தம் 60. அதில் 48-க்குக் குறைந்தால் குறிப்பிடத்தக்க பலவீனம் என்று கொள்கிறார்கள். ஏழு நாட்களுக்கு மேல் கருவியின் துணையில் இருந்து விழித்தவர்களில் நான்கில் ஒருவருக்கு இத்தகைய பலவீனம் இருந்ததாக 2002-ல் பிரான்சு நாட்டு ஆய்வு ஒன்று காட்டியது.

தொடங்குமுன் பார்க்க வேண்டியவை பல. பல நாட்டு நிபுணர்கள் கூடி உருவாக்கி 2014-ல் வெளியிட்ட நெறிமுறை, சாலை விளக்குகளைப் போலப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலைகளை வகுத்தது. கருவி தரும் காற்றில் பிராணவாயு 60 விழுக்காட்டுக்கு மேற்படாமல், இரத்தத்தின் பிராணவாயுச் செறிவு 90 விழுக்காட்டுக்குக் குறையாமல், மூச்சு நிமிடத்துக்கு 30-க்கு மேற்படாமல் இருந்தால், மூச்சைப் பொறுத்தவரை பச்சை விளக்கு. இவற்றில் ஒன்று எல்லை தாண்டினால் நன்மை தீமைகளைச் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும். இரத்த அழுத்தம், இதயத் துடிப்பு, மூளையின் நிலை, முதுகெலும்பு முறிவு, இரத்தக் கசிவு ஆகியவற்றுக்கும் தனித்தனி விதிகள் உண்டு.

அடுத்தது குழாயின் பாதுகாப்பு. பல்லுக்கு நேரே குழாயில் உள்ள அளவுக் குறியைப் பார்த்துக் குறித்துக்கொள்கிறார்கள். நடை முடிந்த பிறகும் அதே குறி அங்கே இருக்க வேண்டும். குழாயைத் தாங்கிப் பிடிக்கும் பொறுப்பு ஒருவருக்கே உரியது. நடமாடும் கருவியின் மின்கலமும், பிராணவாயு உருளையில் மிச்சமிருக்கும் அளவும் முன்பே சரிபார்க்கப்படுகின்றன. அடைப்பு ஏற்பட்டால் கையால் அமுக்கும் பையும் உடன் வருகிறது. ஆம், கோபன்ஹேகனில் மாணவர்கள் அமுக்கிய பையின் வழித்தோன்றல்தான் அது!

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. வாயில் குழாய் இருப்பவர் பேச முடியாது. "வலிக்கிறதா? போதுமா?" என்ற கேள்விக்கு அவர் தலையசைத்தோ, கையை அழுத்தியோ, எழுத்துப் பலகையில் சுட்டிக் காட்டியோதான் விடை சொல்ல வேண்டும். அதற்குக் காத்திருக்கும் பொறுமையும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

அளவு மீறினால்?

இவ்வளவு நன்மை என்றால், எல்லாரையும் எவ்வளவு விரைவில் முடியுமோ அவ்வளவு விரைவில், எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம் இயங்க வைக்கலாம் அல்லவா? விஞ்ஞானம் இந்த ஆர்வத்தையும் சோதித்துப் பார்த்தது.

ஆஸ்திரேலியாவின் கேரல் ஹாட்சன் என்ற இயன்முறை மருத்துவ அறிஞர் தலைமையில், ஆறு நாடுகளில் 49 மருத்துவமனைகளில், 750 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2022-ல் வெளிவந்தது. ஒரு பகுதியினர் நாள்தோறும் சராசரியாக 21 நிமிடம் போல இயங்க வைக்கப்பட்டார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்கள் 9 நிமிடம் போல. ஆறு மாத முடிவில் மருத்துவமனைக்கு வெளியே உயிரோடு கழித்த நாட்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதே வேளையில் இதயத் துடிப்பு மாறுதல், இரத்த அழுத்த மாறுதல், பிராணவாயுக் குறைவு போன்ற கேடுகள், அதிகம் இயங்கியவர்களில் 9.2 விழுக்காட்டினருக்கு நேர்ந்தன, மற்றவர்களில் 4.1 விழுக்காட்டினருக்கே.

இதனால் பழைய படி படுக்க வைத்துவிடலாம் என்று பொருளா? இல்லை. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களும் நாள்தோறும் இயங்கினார்கள் என்பதைக் கவனியுங்கள். ஒப்பிடப்பட்டது அசைவும் அசைவின்மையும் அல்ல. மிதமான அசைவும் மிகுதியான அசைவும். மருந்தைப் போலவே அசைவுக்கும் அளவு உண்டு, வேளை உண்டு, ஆளும் உண்டு என்பதே இந்த ஆய்வு தரும் பாடம்.

அசையக் கூடாத வேளையும் உண்டு. நுரையீரல் மிகவும் பாதிக்கப்பட்டவரைக் குப்புறப் படுக்க வைத்து, ஆழ்ந்த உறக்கத்தில் வைத்திருப்பதே அவர் உயிரைக் காக்கலாம். 466 நோயாளிகளிடம் செய்து 2013-ல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வில், மல்லாந்து கிடந்தவர்களில் 28 நாட்களுக்குள் 32.8 விழுக்காட்டினர் இறந்தார்கள். நாள்தோறும் நெடுநேரம் குப்புறப் படுக்க வைக்கப்பட்டவர்களில் 16 விழுக்காட்டினரே இறந்தார்கள். 2020-லும் 2021-லும் கோவிட் நோய் பரவியபோது இந்த முறை உலகெங்கும் கையாளப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். ஒரு நோயாளியைக் குழாய் நழுவாமல் புரட்டுவதற்கு நான்கைந்து பேர் வேண்டும். அந்தப் பல கைகளில் இயன்முறை மருத்துவரின் கைகளும் இருந்தன.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி

வாசகர்களே, உங்களுக்கு வேண்டிய ஒருவர் என்றேனும் சுவாசக் கருவியின் துணையில் இருக்க நேர்ந்தால், கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று நீங்கள் கேட்கும் முதல் கேள்வி, "பிழைப்பாரா?" என்பதாகத்தான் இருக்கும். அது இயல்பே. நிலைமை சற்றுத் தெளிந்த பிறகு இன்னும் இரு கேள்விகளை மருத்துவரிடம் பணிவோடு கேளுங்கள். "இன்று அவரை எழுப்பிப் பார்க்கலாமா? அவர் கை கால்களை யார் கவனிக்கிறார்கள்?" இப்போது வேண்டாம் என்று மருத்துவர் சொன்னால் அதற்குத் தக்க காரணம் இருக்கும். ஆனாலும் கேள்வி கேட்கப்பட வேண்டியதே. அனுமதி கிடைத்தால் பக்கத்தில் நின்று அவர் பெயரைச் சொல்லி அழையுங்கள். இன்று என்ன நாள், நேரம் என்ன என்று சொல்லுங்கள். குழப்பத்தில் இருப்பவருக்குப் பழகிய குரல் ஒரு பிடிமானம்.

1952-ல் கோபன்ஹேகன் மாணவர்கள் மணிக்கணக்கில் நோயாளியின் முகத்தைப் பார்த்தபடியே பையை அமுக்கினார்கள். அவர்களிடமிருந்து அந்த வேலையைக் கருவி வாங்கிக்கொண்டது. நம்மைவிட நன்றாகவே செய்கிறது. ஆனால் படுத்திருப்பவரைத் தாங்கி எழுப்பி, கட்டில் ஓரத்தில் உட்கார வைத்து, "இன்னும் ஓர் அடி" என்று சொல்ல இன்றும் மனிதரின் கைகள்தாம் வேண்டியிருக்கின்றன.

பத்து அடி நடந்து நாற்காலியில் உட்கார்ந்த அந்த நோயாளியை இப்போது மறுபடி நினைத்துப் பாருங்கள். அவர் அங்கே பழகுவது, தம் வீட்டு வாசற்படியை ஏறுவதற்கான நடை.